வீட்டுக்குப் பின்னால் சில ஏக்கர் காடு: விடுவதா, காப்பதா, நடுவதா, வெட்டுவதா?

மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் நகரத்துக்குச் சற்று வெளியே வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு, வீட்டோடு சேர்த்து மூன்று ஏக்கரோ பதினைந்து ஏக்கரோ காடும் வந்து சேர்கிறது. கூரைக்கு எத்தனை வயது, நிலவறையில் நீர் கசிகிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டு வாங்கியவர்கள், அந்தக் காட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் மர வியாபாரி ஒருவர் வந்து ஓக் மரங்களுக்கு விலை சொல்கிறார். அல்லது முற்றத்தை ஒட்டிய ஆஷ் மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்குகிறது. அல்லது புல் வெட்டிச் சலித்த அரை ஏக்கரை மறுபடி காடாக்கலாமா என்ற எண்ணம் எழுகிறது. என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கியிருக்கிறார்கள். இயற்கையைத் தொடாமல் விடுவதே நல்லது என்கிறது ஒரு மனம். ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறது இன்னொரு மனம்.

நடைமுறையில் வழிகள் நான்கு: அப்படியே விடுதல், மானையும் அயல் களைகளையும் தடுத்துக் காத்தல், புதிதாக நடுதல், தேர்ந்து வெட்டி விற்றல். மத்திய மாசசூசெட்ஸில் ஒன்பது ஏக்கரை வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகளாக இவை நான்கையும் சிறிது சிறிதாகச் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் தவறியும் இருக்கிறேன்.

## வாங்கியது எத்தகைய காடு

இப்பகுதிக் காடுகளுக்குள் நடந்தால், எங்கோ ஓரிடத்தில் இடுப்பளவுக்குக் கற்சுவர் ஒன்று மரங்களுக்கிடையே ஓடுவதைக் காணலாம். காட்டுக்கு நடுவே யாரும் சுவர் எழுப்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் அது வயலுக்கோ மேய்ச்சல் நிலத்துக்கோ எல்லையாக நின்ற சுவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தெற்கு நியூ இங்கிலாந்தில் பாதிக்கும் மேற்பட்ட காடு உழவுக்காகவும் ஆடுமாடுகளுக்காகவும் அழிக்கப்பட்டிருந்தது. 1825இல் மேற்கிலுள்ள பேரேரிகளை ஹட்சன் ஆற்றோடு இணைக்கும் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, அதன்பின் இரயில் பாதைகளும் வந்தபோது, மேற்கே கல்லில்லாத நிலத்தில் விளைந்த தானியம் மலிவாக வந்து இறங்கியது. இங்கே கல் பொறுக்கிக் களைத்த உழவர்கள் நிலத்தைக் கைவிட்டார்கள். கைவிட்ட நிலத்தில் முதலில் வெள்ளைப் பைன் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பெட்டிப் பலகைக்காக வெட்டிச் சாய்த்தபோது, அதன் நிழலில் காத்திருந்த ஓக், மேப்பிள், பிர்ச் ஆகியவை மேலே வந்தன. 1938 செப்டம்பர் 21 அன்று வீசிய பெரும்புயல், எஞ்சிய பைன் தோப்புகளில் பெரும்பகுதியை வீழ்த்தியது. இன்று மாசசூசெட்ஸின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் மீண்டும் காடு. அதில் மிகப் பெரும்பகுதியை யாரும் நடவில்லை.

இந்த வரலாற்றைக் கேட்டவுடன், 'அன்று தானாக வந்தது இன்றும் தானாக வரும்' என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அன்றைய சூழல் வேறு. 1900 வாக்கில் வேட்டையால் வெள்ளைவால் மான்கள் அமெரிக்கா முழுவதிலும் சில இலட்சங்களாகக் குறைந்திருந்தன. இன்று அவை ஏறத்தாழ மூன்று கோடி. அவற்றை அடித்துத் தின்ற ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் குடியேறியவர்கள் இப்பகுதியில் இல்லாமல் செய்துவிட்டார்கள். அழகுக்காகவும் வேலிக்காகவும் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செடிகளும் அன்று இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. எனவே கைவிடுதல் என்ற ஒரே செயல் 1860இல் ஒரு விளைவையும் இன்று வேறொரு விளைவையும் தருகிறது.

## எதைக் கொண்டு அளப்பது

நான்கு வழிகளையும் நான் நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன். அடுத்த தலைமுறை மரங்கள் வளர்கின்றனவா? செய்த தவற்றைத் திருத்த முடியுமா? முதல் ஆண்டில் மட்டுமல்லாமல் பத்தாம் ஆண்டிலும் எவ்வளவு பணமும் உடலுழைப்பும் கேட்கும்? வரி, சட்டம், வீட்டாரின் பாதுகாப்பு ஆகியவற்றில் என்ன பிணைப்பு வரும்?

இவற்றுள் முதல் கேள்வியே மற்றவற்றுக்குத் தலைமை. காட்டை மதிப்பிடும்போது எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். பார்க்க வேண்டியது முழங்கால் முதல் மார்பளவு வரையிலான உயரத்தில். மே மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் நடந்து, அந்த உயரத்தில் என்ன நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓக், மேப்பிள், ஹிக்கரி இளங்கன்றுகள் பல வகையாக நின்றால் காடு நலமாக இருக்கிறது. நசுக்கினால் வைக்கோல் மணம் வீசும் பெரணி மட்டுமே பாய் விரித்தாற்போல் பரந்திருந்தாலும், பீச் மரக்கன்று மட்டுமே நின்றாலும், மான் விரும்பாதவை மட்டுமே தப்பியிருக்கின்றன என்று பொருள். கிளை நுனிகள் கிழிந்தாற்போல் இருந்தால் அது மானின் வேலை. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அதனால் பிய்த்துத் தின்னும். கத்தியால் சாய்வாக வெட்டியதைப் போலிருந்தால் முயல்.

விரிவாகச் செல்லும் முன், ஒரு பார்வைக்கு:

| வழி | முதலாண்டுச் செலவு | பத்தாண்டு உழைப்பு | திருத்த முடியுமா |
|---|---|---|---|
| அப்படியே விடுதல் | ஏறக்குறைய இல்லை | குறைவு | தொடக்கத்தில் எளிது, களை முற்றினால் கடினம் |
| காத்தல் | அதிகம் | தொடர்ந்து வேண்டும் | முடியும் |
| நடுதல் | நடுத்தரம் முதல் அதிகம் | முதல் ஐந்தாண்டு மிகுதி | முடியும் |
| வெட்டி விற்றல் | வருமானம் வரலாம் | வெட்டியபின் கண்காணிப்பு | ஒரு தலைமுறைக்கு முடியாது |

## அப்படியே விடுதல்

இந்த வழியின் வலிமையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மாசசூசெட்ஸின் பீட்டர்ஷாமில் 1907 முதல் இயங்கிவரும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காடான ஹார்வர்ட் காட்டில், 1990ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் 1938 புயலைச் செயற்கையாக நிகழ்த்திப் பார்த்தார்கள். முதிர்ந்த ஓக் காட்டின் ஒரு பகுதியில் மரங்களை இழுவைக் கம்பியால் இழுத்துச் சாய்த்துவிட்டு, எதையும் அகற்றாமல் விட்டார்கள். பார்வைக்கு அது பேரழிவு. ஆனால் சாய்ந்த மரங்கள் பல, வேர் பாதி மண்ணில் இருந்ததால், சில ஆண்டுகள் தொடர்ந்து தழைத்தன; அடியிலிருந்து புதுத் தளிர்கள் எழுந்தன; மண்ணின் நிழலும் ஈரமும் சத்தும் பெரிதாகக் குலையவில்லை. 1938இல் நடந்ததோ நேர்மாறு: வீழ்ந்த மரங்களை அரசு பெருமுயற்சியாக இழுத்து அகற்றியது. அந்த அகற்றும் பணி மண்ணைப் புரட்டிய அளவுக்குப் புயல்கூடப் புரட்டவில்லை என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் முடிவு. புயலுக்கு மறுநாள் 'சுத்தம் செய்து தருகிறேன்' என்று வருபவரை நான் வாசலிலேயே அனுப்பிவிடுவதற்கு இதுவே காரணம்.

நோய் வரும்போதும் இதே படிப்பினை உண்டு. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில் கண்டறியப்பட்ட ஆசியப் பூஞ்சை, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் முந்நூறு நானூறு கோடி அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை மாய்த்ததாக மதிப்பிடுகிறார்கள். பென்சில்வேனியா 1911இல் ஓர் ஆணையம் அமைத்து, நோயின் பாதையில் நின்ற மரங்களை வெட்டித் தடுக்கப் பார்த்தது. 1913இல் அது கைவிடப்பட்டது. அப்படி வெட்டிய மரங்களில் நோய் எதிர்ப்புள்ளவை இருந்தனவா என்பதை இனி அறிய வழியில்லை. 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களைக் கொல்லும் இன்றைக்கும் இதே கேள்வி நிற்கிறது: வண்டு கடந்துபோன இடங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிய மரங்கள் உண்டு. காட்டுக்குள் ஆழத்தில் நிற்கும் ஆஷை விட்டுவையுங்கள்.

மறைந்துள்ள செலவு வீட்டருகில்தான் இருக்கிறது. வண்டு தின்று செத்த ஆஷ் மரம் விரைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. அதன்மேல் ஏற மரம் வெட்டுபவர்கள் தயங்குவார்கள், பெரிய இயந்திரம் கொண்டுவருவார்கள், கூலி பன்மடங்காகும். வீட்டின்மீதோ பாதையின்மீதோ விழக்கூடிய தொலைவில் நிற்பதை உயிரோடிருக்கும்போதே அகற்றிவிடுவதோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிமரத்தில் மருந்து செலுத்திக் காப்பதோ ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். இரண்டாவது செலவு மெதுவாக ஏறுவது: கன்றுகள் இல்லாத காட்டை 'இயற்கையாக' விட்டால், மேலே நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றாக விழ விழ, அந்த வெளிச்சத்தைக் களையே எடுத்துக்கொள்ளும்.

எனவே மார்பளவில் பல வகைக் கன்றுகள் நின்று, அயல் களை அரிதாக இருந்தால், இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. மற்ற இடங்களில் விட்டுவிடுதல் என்பது மான்களிடம் பொறுப்பை ஒப்படைப்பதே.

## காத்தல்: மான் வேலியும் களையெடுப்பும்

மான் எவ்வளவு பொருட்படுத்த வேண்டிய காரணி என்பதில் ஐயம் இருப்பவர்களுக்கு, பென்சில்வேனியாவின் அலிகேனி பீடபூமியில் 1980களில் பத்தாண்டு நடந்த ஒரு சோதனையைச் சொல்வேன். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் காட்டின் பகுதிகளுக்கு வேலியிட்டு, உள்ளே சதுர மைலுக்கு 10 முதல் 64 மான்கள் என்ற வெவ்வேறு அடர்த்தியில் விட்டுப் பார்த்தார்கள். மான் கூடக் கூட மர வகைகள் குறைந்தன, கன்றுகள் குட்டையாயின, பெரணி பரந்தது.

முழுக் காட்டையும் எட்டடி உயரத்துக்கு வேலியிடத் தேவையில்லை. அது பலருக்குக் கட்டுப்படியும் ஆகாது. பத்தடிக்குப் பத்தடியாக ஒரு சிறு கம்பிக்கூண்டு மூன்று இடங்களில் அமைத்து, மூன்று ஆண்டுகள் உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே ஓக் எழுந்து வெளியே எழாவிட்டால், சிக்கல் மான்தான் என்பது உறுதி. இரண்டு பக்கமும் எழவில்லை என்றால், நிழலோ மண்ணோ களையோ காரணம். வேலிக்குச் செலவிடும் பணம் வீண். என் நிலத்தில் கூண்டுகளில் இரண்டு முதல் முடிவையும் ஒன்று இரண்டாவதையும் காட்டின. பெரிய வேலி போடும் திட்டத்தைப் பாதியாகக் குறைத்தது அந்த மூன்றாவது கூண்டுதான்.

வேலியின் மறை செலவு பராமரிப்பு. கன்று மானின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை, அதாவது பத்தாண்டு அளவில், ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் வேலியைச் சுற்றி வர வேண்டும். ஒரு கிளை விழுந்து திறந்துவிட்டால் மான் உள்ளே புகுந்து வெளியேறத் தெரியாமல் ஒரே வாரத்தில் அத்தனையையும் தின்றுவிடும். இதைவிட மலிவான வழி, உரிமம் பெற்ற வில்வேட்டைக்காரர் ஒருவருக்குப் பருவத்தில் அனுமதி தருவது. நம் வீடுகள் சிலவற்றில் இதைப் பேச்சுக்குக்கூட எடுக்க முடியாது என்பதை அறிவேன். என் வீட்டிலும் இரண்டு ஆண்டுகள் இந்த விவாதம் ஓடியது. மனம் ஒப்பாதவர்கள் வேலிக்கான செலவை அதற்குரிய விலையாகவே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

களைகளில் முதலிடம் ஜப்பானிய பார்பெர்ரிக்கு. மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும் ஏப்ரலிலேயே இது பச்சை கட்டிவிடும். தண்டைச் சுரண்டினால் மஞ்சள். இதன் முட்புதருக்குள் ஈரம் தங்குவதால் உண்ணிகள் பெருகுவதை கனெக்டிகட் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். லைம் நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊரும் அதே மாநிலத்தில் இருப்பது. (தமிழில் நாம் உண்ணிச்செடி என்பது வேறொரு முட்புதரை, அந்தப் பெயர் இதற்குத்தான் இன்னும் பொருந்தும்.) அடுத்தது 1930களிலிருந்து அரசின் மண்வளத் துறையே உயிர்வேலிக்காகப் பரப்பிய பலபூ ரோஜா, சீமைக்கருவேலத்தின் கதையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. மூன்றாவது, மரத்தைச் சுற்றி நெரிக்கும் கிழக்காசிய பிட்டர்ஸ்வீட் கொடி. வேர் ஆரஞ்சு நிறம். கொடியை முதலில் வெட்டுங்கள், ஏனெனில் அது கொல்வது வளர்ந்த மரத்தை. பார்பெர்ரியை அடுத்து எடுக்கலாம். ஓடையோ சதுப்போ அருகில் இருந்தால், களைக்கொல்லி தொடும் முன் ஊரின் இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்திடம் (Conservation Commission) கேட்டாக வேண்டும்; மாசசூசெட்ஸில் ஈரநிலத்திலிருந்து நூறடிக்குள் நடக்கும் வேலை அவர்கள் பார்வைக்கு உட்பட்டது.

கன்றுகள் முளைத்தும் வளர முடியாத காட்டுக்கு இந்த வழி ஏற்றது. அயல் களை ஏற்கெனவே ஏக்கர் கணக்கில் மண்டிக் கிடந்தால், முழுவதையும் ஒரே ஆண்டில் அழிக்க முயலாமல், நல்ல பகுதியிலிருந்து கெட்ட பகுதியை நோக்கி நகர வேண்டும். நான் முதல் ஆண்டில் தலைகீழாகச் செய்தேன். மோசமான மூலையில் மூன்று மாத வார இறுதிகளைச் செலவிட்டு முடித்தபோது, நன்றாக இருந்த மேட்டில் கொடி ஏறியிருந்தது.

## நடுதல்

மரம் நடுவது நம் கண்ணுக்கு இயல்பாகவே நற்செயலாகத் தெரிகிறது. ஆனால் ஏற்கெனவே காடாக இருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் தேவையற்றது: நீல ஜே (blue jay) பறவைகளும் அணில்களும் ஓக் விதைகளைப் புதைத்து மறந்துவிடும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. மான் தின்னும் இடத்தில் நடுவது மானுக்கு விருந்து. கன்றைச் சுற்றி மாட்டும் காப்புக் குழாய் இல்லாமல் நான் நட்ட அறுபது ஓக் கன்றுகளில் அடுத்த வசந்தத்தில் நின்றவை நான்கு.

நடுதல் உண்மையில் பொருந்துவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, அருகே தாய்மரம் இல்லாத, புல் இறுகிய பழைய புல்வெளி. இன்று அதைச் சும்மா விட்டால் எழுவது பைன் அல்ல, ரோஜாப் புதரும் பிட்டர்ஸ்வீட்டும். மற்றது, மண்ணரிக்கும் ஓடைக்கரை. அங்கும் தொட்டிமண்ணோடு வரும் கன்றைத் தவிர்த்து, வெறும் வேராக விற்கும் கன்றை வாங்குங்கள். பனியுகப் பனிப்பாறை மூடிக்கிடந்த இந்த வடபகுதியில் இயல்பான மண்புழுவே கிடையாது. தொட்டிமண்ணில் ஒளிந்து வரும் ஆசியத் துள்ளுப்புழு என்ற மண்புழு வகை, காட்டின் சருகுமெத்தையைக் காப்பித்தூள் போலப் பொடியாக்கிவிடுகிறது. ஊரில் மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கக் கடினமான செய்தி.

குழாய்களுக்கு ஆகும் விலை, நடும் செலவைத் தாண்டும். மரம் தடித்தபின் அவற்றைக் கழற்றும் வேலையும் உண்டு.

## தேர்ந்து வெட்டி விற்றல்

வாசலில் நிற்கும் வியாபாரி வழக்கமாகச் சொல்வது இது: "பதினான்கு அங்குலத்துக்கு மேல் தடித்தவற்றை மட்டும் எடுக்கிறேன், சின்ன மரங்கள் வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும்." கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் மேலே சொன்ன வரலாற்றை நினைத்துப் பாருங்கள். ஒரே சமயத்தில் கைவிட்ட நிலத்தில், ஒரே சமயத்தில் வெட்டிய பைனுக்குப் பின், ஒன்றாக எழுந்த மரங்கள் இவை; மெலிந்தவை இளையவை அல்ல, அதே வயதில் போட்டியில் தோற்றவை. பெரியவற்றை எடுத்துத் தோற்றவற்றை விடுவது, களத்தில் நல்ல மணியை விற்றுவிட்டுப் பதரை விதைநெல்லாக வைப்பதற்கு ஒப்பானது. இப்பகுதித் தனியார் காடுகள் பல இப்படித்தான் தரம் இழந்தன.

நல்ல வெட்டு என்பது வேறு. ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும்; காட்டுத்தீ அடக்கப்பட்டபின், முழு நிழலில் சிவப்பு மேப்பிளும் பீச்சுமே அதை முந்துகின்றன. ஏற்கெனவே ஓக் கன்றுகள் நிற்கும் இடத்தில், தரம் குறைந்த மரங்களை முதலில் எடுத்து, நல்ல விதைமரங்களை நிறுத்தி, இரண்டு மூன்று கட்டமாக வெளிச்சத்தைத் திறந்தால், காடு தன் பழைய தன்மையைக் காத்துக்கொள்ளும். கன்றில்லாத இடத்தில் வெட்டினால், அதே வெளிச்சம் பெரணிக்கும் பார்பெர்ரிக்கும் போய்ச் சேரும். ஆகவே இங்கேயும் முதல் கேள்விதான் விடை சொல்கிறது.

வெட்டுவது என்று தீர்மானித்தால், மரத்தை வாங்குபவரிடம் வேலை செய்யாத, உங்களிடம் மட்டுமே கட்டணம் பெறும் உரிமம் பெற்ற வனவியலாளர் ஒருவரை அமர்த்துங்கள். எடுக்கும் ஒவ்வொரு மரத்திலும் அவர் வண்ணக் குறியிட வேண்டும். ஒப்பந்தத்தில் பாதைகளைச் சீராக்கும் கடமையும், அதற்கு ஈடாக வைப்புத்தொகையும் இருக்க வேண்டும். மாசசூசெட்ஸில் 25,000 பலகை அடிக்கு (ஓரடிச் சதுரம், ஓரங்குலத் தடிமன் கொண்ட பலகை ஓர் அலகு) மேலோ 50 கார்டு (128 கன அடி விறகு அடுக்கு ஓர் அலகு) விறகுக்கு மேலோ வெட்டினால் அரசிடம் முன்கூட்டியே வெட்டுத்திட்டம் தாக்கல் செய்ய வேண்டும். மண் உறைந்திருக்கும் குளிர்காலத்தில் இழுத்தால் சக்கரத் தடம் ஆழப் பதியாது. அந்த உறைநாட்கள் இப்போது குறைந்து வருவதால், தேதியை இறுக்கமாக எழுதிக்கொடுக்காதீர்கள்.

மறைந்துள்ள செலவு மட்டுமல்ல, மறைந்துள்ள வரவும் உண்டு. காட்டைக் காடாகவே வைத்திருப்பதற்கான வரிச்சலுகைத் திட்டத்தில் பதிவு செய்தால் நிலவரி பெரிதும் குறையும். மாசசூசெட்ஸிலும் பென்சில்வேனியாவிலும் இதற்குப் பத்து ஏக்கர் வேண்டும். நியூ ஜெர்சியில் ஐந்து. கனெக்டிகட்டில் வனநிலமாக 25. ஆனால் பிறகு வீடு கட்டவோ மனை பிரிக்கவோ நிலத்தைத் திட்டத்திலிருந்து எடுத்தால், கடந்த சில ஆண்டுகளின் சலுகையைத் திருப்பிக் கட்ட நேரும். ஐந்தாறு ஆண்டுகளில் வீட்டை விற்கும் எண்ணமுள்ளவர்கள் கையெழுத்திடும் முன் இதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும். ஐந்து ஏக்கருக்குக் குறைவான காட்டுக்கு நல்ல வெட்டுக்காரர்கள் வருவதே அரிது. வந்தாலும் இயந்திரம் கொண்டுவரும் செலவு போக உங்கள் கைக்கு வருவது சொற்பம்.

## ஒரே நிலத்தில் நான்கு விடைகள்

முழு நிலத்துக்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. என் ஒன்பது ஏக்கரில், கன்று நிறைந்த ஐந்து ஏக்கர் மேட்டை நான் தொடுவதேயில்லை. அங்கே செய்யும் ஒரே வேலை, ஆண்டுக்கு ஒருமுறை கொடி ஏறியிருக்கிறதா என்று சுற்றி வருவது. தெற்குச் சரிவில் ஒன்றரை ஏக்கருக்கு வேலி. பழைய புல்வெளியில் அரை ஏக்கர் நடவு, இம்முறை குழாயோடு. வீட்டை ஒட்டிய ஒரு ஏக்கரில் ஏழு ஆஷ் மரங்களை எடுத்து, இரண்டுக்கு மருந்து செலுத்துகிறோம். வெட்டியதை விறகாக இங்கேயே எரிக்கிறோம், ஏனெனில் விறகை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் வண்டும் சேர்ந்து பயணம் செய்யும்.

எஞ்சிய ஒரு ஏக்கர் பீச் தோப்பு. 2012இல் ஒஹாயோவில் முதலில் தென்பட்ட இலைநோய், நுண்புழுவால் வருவது, இங்கும் வந்துவிட்டது. இலைகளை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் நரம்புகளுக்கிடையே கரும்பட்டைகள் தெரிகின்றன. நோயுற்ற தோப்பை இப்போதே வெட்டி விறகாக்கினால் சிறிது பணம் வரும் என்று வனவியலாளர் சொன்னார். தப்பும் மரம் ஒன்றாவது இருக்கக்கூடும் என்பதால், வீட்டின்மேல் விழாத தொலைவில் நிற்கும் அந்தத் தோப்பை இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு விட்டுவைத்திருக்கிறேன். ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதி, ஜூன் மாதத்தில் இலையைப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிந்துவருகிறேன்.